எழுதாமல் விட்ட வேலை

2025 பிப்ரவரி 12, புதன்கிழமை காலை, விருதுநகரில் ஒரு மருத்துவமனையில் மாரிசெல்வி டெங்குக் காய்ச்சலில் இறந்தாள். வயது முப்பத்தொன்று.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் கிளம்பிய பிறகு, அவளுடைய அக்கா யோகலட்சுமி மட்டும் போகாமல் நின்றாள். ஆனைக்குட்டம் பக்கத்துக் காலனியில் ஒற்றை அறையும் அடுப்படியுமான வீடு அது. மாரிசெல்வியின் புருஷன் முனியராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ஸ்ரீமதி அவன் மடியில் தூங்கிப்போயிருந்தாள்.

"தம்பி, தப்பா எடுத்துக்கிறாதீக. காலையில ஆறரைக்குக் கம்பெனி வேன் ஏறுனா சாயங்காலந்தான் வாரீக. பொம்பளப் பிள்ளைய இங்கன யாரு பாப்பா? உப்பு எந்த டப்பாவுல இருக்குன்னாவது தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது. முதல் நாள்தான் ரசத்தில் சோடா உப்பைப் போட்டிருந்தான்.

"முழுப்பரீட்சை வரைக்கும் பாப்பமே மதினி."

யோகலட்சுமி யோசித்தாள். "சரி. பரீட்சை முடிஞ்ச மறுநா வருவேன். வீடு வீடா இருந்தா பிள்ள இங்கனயே இருக்கட்டும். இல்லையின்னா நான் காரியாபட்டிக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். அப்ப நீங்க குறுக்க நிக்கப்படாது."

முனியராஜுக்குப் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிற வேலை. வெடிக்கலவையை அங்கே மருந்து என்றுதான் சொல்வார்கள். ஆலையின் மருந்து அறையில் அவனைப்போல ஒழுங்கானவன் கிடையாது. தரையில் ஒரு மணல் பொடி இருக்காது. ஒரு தட்டு வெடி முடிந்தால் அதை வெளியே கொடுத்துவிட்டுத்தான் அடுத்த தட்டைத் தொடுவான். எடுத்த சாமான் எடுத்த இடத்துக்குப் போய்விடும். உயிர்பயம் கற்றுக்கொடுத்த பழக்கம். வீட்டுக்கு வந்தால் கழற்றிய செருப்பு எங்கே கிடக்கிறது என்று தெரியாது. அதெல்லாம் மாரிசெல்வியின் பாடு.

"ஏ தாயி, வீட்டக் கம்பெனி மாதிரி ஆக்கிருவமா?" என்று மகளிடம் கேட்டான்.

"அப்ப வீட்டுலயும் வெடிக்குமாப்பா?"

"வெடிக்காது. சுத்தமா இருக்கும்."

ஒரு வாரத்துக்கு ஒரு பழக்கம் என்று வைத்துக்கொண்டார்கள். முதல் வாரம், சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் படுப்பதில்லை. அது கைக்கு வந்ததும், எழுந்த உடனே பாயைச் சுருட்டுவது. பிறகு, பள்ளிக்கூடப் பையை ராத்திரியே அடுக்கி வாசல் பக்கத்தில் வைப்பது. தண்ணீர் வருகிற நாளில் குடத்தை விளக்கிப் பிடிப்பது. அப்பா சொல்லச் சொல்ல ஸ்ரீமதி பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் வரிசையாக எழுதினாள். செய்து முடித்ததற்கு நேராகப் புள்ளி வைப்பாள். புள்ளி விட்டுப்போனால் அவளுக்குத் தூக்கம் வராது.

பங்குனி பிறந்தபோது வீடு வழிக்கு வந்திருந்தது. மாலையில் வேனை விட்டு இறங்கியதும் முனியராஜ் வேலை உடுப்பைப் பின்சுவர் ஆணியில் மாட்டிவிட்டுக் குளிப்பான். டீக்கடைக்குப் போய்ப் பால் பாக்கெட்டும் காய்கறியும் வாங்கி வந்து உலை வைப்பான். காலையில் கொடியில் துவைத்த சட்டையும் கைலியும் தொங்கும். எடுத்து மாட்டிக்கொண்டு வேனுக்கு ஓடுவான். உப்பு இரண்டாம் தட்டில், இடமிருந்து மூன்றாவது டப்பா. இப்போது கண்ணை மூடிக்கொண்டு எடுப்பான்.

ஏப்ரலில், பரீட்சை முடிந்த மறுநாள், சொன்னபடியே யோகலட்சுமி வந்தாள். முனியராஜ் லீவு போட்டிருந்தான். அவள் அலமாரியின் மேல்பலகையை விரலால் தடவி, விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"கம்பெனி செக்கிங் ஆபீசரே தோத்துருவாரு மதினி."

"சும்மா இருங்க." குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். பாய்களைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். "எந்தங்கச்சி வச்சிருந்த மாதிரியே வச்சிருக்கீகளே" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி தம்பி, பிள்ள இங்கனயே இருக்கட்டும். லீவுக்கு மட்டும் அனுப்பி வைங்க."

முனியராஜ் அவளுக்குச் சாப்பாட்டு இலையைப் போட்டான்.

"நீ பரிமாறுத்தா" என்றாள் யோகலட்சுமி. ஸ்ரீமதி இடக்கையில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கரண்டியோடு குனிந்தாள். யோகலட்சுமி கரண்டி பிடித்த கையை மணிக்கட்டோடு பிடித்தாள். நகக்கண்ணெல்லாம் சாம்பலும் வெள்ளியுமாக மினுங்கியது. உள்ளங்கை தோலுரிந்து, விரலிடுக்கில் வெடித்திருந்தது.

"இதென்னடி?"

பிள்ளை கையை இழுத்துக்கொண்டாள். "புழக்கடையில அப்பா துணி அலசுவேன் பெரியம்மா. பவுடரு ஒட்டிக்கிரும். போகாது."

முனியராஜ் கொடியைப் பார்த்தான். இரண்டு மாதமாகக் காலையில் அங்கே துவைத்த சட்டை தொங்கியது. கல்யாணமான நாளிலிருந்தே தொங்கியது. யார் துவைத்தது என்று ஒருநாளும் அவனுக்குக் கேட்கத் தோன்றியதில்லை. மருந்து பட்ட துணியை மகள் தொடக்கூடாது என்று, அவளை விளையாட அனுப்பிவிட்டு, கையில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு மாரிசெல்வி தனி வாளியில் அலசியது அவனுக்குத் தெரியாது. மகள் வேலி ஓரமாக நின்று பார்த்திருக்கிறாள்; கையில் கட்டிய பை அங்கிருந்து தெரிந்திருக்காது.

"ஒங்கிட்ட யாரு செய்யச் சொன்னா தாயி?"

"யாரும் சொல்லலப்பா. நீங்க டீக்கடைக்குப் போனப்புறம் செய்வேன். எழுதச் சொல்றப்ப இத விட்டுட்டீக. பெரியம்மா வந்து பாத்துட்டு, ஒரு வேல கொறையுதுன்னு என்னயக் கூட்டிட்டுப் போயிட்டா? அதான் நானே சேத்துக்கிட்டேன்."

யோகலட்சுமி இலையை மூடினாள். சோற்றுக் கிண்ணத்தை மகளின் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு முனியராஜே சொன்னான்:

"கூட்டிட்டுப் போங்க மதினி."

"அப்பா, நான் எல்லாஞ் செஞ்சேன்லப்பா? ஒண்ணுகூட விடல."

"விடல தாயி."

ஜூன் 2-ஆம் தேதி காரியாபட்டியில் ஒரு பள்ளியில் ஸ்ரீமதி நான்காம் வகுப்பில் சேர்ந்தாள். சேர்க்கைப் படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் யோகலட்சுமியின் பெயர் எழுதப்பட்டது. முனியராஜ் அன்று வேலைக்குப் போயிருந்தான்.