கல்லிடுக்கில் நின்ற மரம்

ஆதம்பாவா விறகுத் துண்டொன்றை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“கிளாக்கர் ஐயா, இது விறகா, பஞ்சா? கேத்தில் சுடுறத்துக்கு முந்தி இது சாம்பலாயிரும்.”

“அடுப்பு மூட்டுறதுக்கெண்டுதான் இதைக் கொண்டு வந்தனான், காக்கா. பிளந்து ஒரு நாள் வெயிலிலேயே காய்ஞ்சிட்டுது. அடியில ரெண்டு துண்டு வைச்சுப் பாருங்கோ. ஊதத் தேவையில்லை.”

பாக்கியரத்தினம் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். சம்பளம் வீட்டுக்குப் போதும். விறகு அவருடைய பொழுதுபோக்கு. மற்றக் கிளாக்கர்மார் சனிக்கிழமைகளில் கடதாசி விளையாடுவார்கள், படம் பார்க்கப் போவார்கள். இவர் கோடாலியையும் கயிற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு உப்புவெளியிலிருந்து வடக்கே கடற்கரையோரமாகப் போவார். பட்ட கொப்பு, காற்றில் விழுந்த மரம், கடல் ஒதுக்கிய கட்டை என்று கிடைப்பதை வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து பிளந்து அடுக்குவார். காய்ந்ததை ஞாயிறு காலையில் நிலாவெளி வீதியிலுள்ள ஆதம்பாவாவின் தேத்தண்ணிக்கடையில் விற்பார். சும்மா கொடுத்தால் எல்லாரும் நல்ல விறகென்றுதான் சொல்லுவார்கள், காசு கொடுக்கிறவன்தான் உள்ளதைச் சொல்லுவான் என்பது அவர் கட்சி. “ஊரில மற்ற மனிசர் குடிக்கினம், என்ர மனிசன் வெட்டுறார். பரவாயில்லை” என்பாள் மனைவி கமலேஸ்வரி.

அறுபத்தேழாம் ஆண்டு, கார்த்திகை மாதத்து ஞாயிறு அது. வெள்ளிக்கிழமை பின்னேரம் தொடங்கிய காற்று அடுத்தநாள் விடியத்தான் அடங்கியிருந்தது. அப்படிக் காற்றடித்து ஓய்ந்த சனிக்கிழமை பாக்கியரத்தினத்துக்குத் திருவிழா மாதிரி.

“மெல்லக் கதைங்க ஐயா,” என்று ஆதம்பாவா குரலைத் தாழ்த்தி, உள்ளே வாங்கில் இருந்தவனைக் கண்ணால் காட்டினார். “இறக்கக்கண்டிப் பொடியன், ஸெய்னுதீன். இவன்ட மச்சான் அபூதாஹிர், கூடப்பொறந்த ராத்தா ஸல்ஹாட மாப்பிள்ளை, வெள்ளிக்கிழமை தனிய தெப்பத்துல போனவர் திரும்பல்ல. குச்சவெளிப் பக்கம் என்னவோ மிதந்ததெண்டு ஆரோ சொல்ல, ஊர் வள்ளமெல்லாம் வடக்க போய்த் தேடுது. இவன் மோட்டர் லோஞ்ச் ஒண்டு கிடைக்குமா எண்டு டவுனுக்கு வந்தவன். கிடைக்கல்ல.”

“அடக் கடவுளே,” என்றார் பாக்கியரத்தினம். உண்மையாகவே கவலைப்பட்டார். பிறகு சத்தம் போடாமல் சைக்கிள் காரியரிலிருந்த இரண்டாவது கட்டு விறகையும் இறக்கி, அதைச் சுற்றிக் கட்டியிருந்த துணியை அவிழ்க்கத் தொடங்கினார்.

ஸெய்னுதீனின் கையிலிருந்த கிளாஸ் வாய்க்குப் போகாமல் நின்றது.

கிளாஸோடு எழுந்து வந்து அதை நிலத்தில் வைத்தான். துணியைத் தொடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே குனிந்து விறகுத் துண்டொன்றை எடுத்தான். புரட்டிப் பார்த்தான். இன்னொன்றை எடுத்தான். சீமெந்து நிலத்தில் முட்டுக்குத்தி உட்கார்ந்து துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைக்கத் தொடங்கினான். பொருந்தாததைத் தள்ளிவிட்டு வேறொன்றை வைத்தான். நாலு துண்டு சேர்ந்ததும் பிளவுகள் மூடிக்கொண்டு ஒரு மரத்தின் உருண்ட முதுகு தெரிந்தது. அதன் மேல், கத்தியால் போட்ட மூன்று வெட்டும் குறுக்கே ஒரு கோடும்.

தெப்பம் நாலைந்து மரங்களைக் கயிற்றால் பிணைத்துச் செய்வது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். தண்ணீர் ஊறினால் மிதக்காது. திரும்பக் கட்டும்போது இடம் மாறாமலிருக்க ஒவ்வொரு மரத்திலும் அதற்குரிய வெட்டு இருக்கும். பாக்கியரத்தினம் கிளிவெட்டியில் வயலுக்குள் வளர்ந்தவர். தெப்பம் என்றால் அவருக்குத் தூரத்தில் கடல்மேல் அசைகிற கறுப்புக் கோடு மட்டும்தான்.

“இது மச்சான்ட மரம்,” என்றான் ஸெய்னுதீன். “இந்த வெட்டு நான் போட்டது.”

அவன் பாக்கியரத்தினத்தை நிமிர்ந்து பார்த்தான்.

“ஐயா, எங்க கிடந்த?”

“சல்லி ஊருக்கு அங்கால. கடலுக்குள்ள நீட்டிக்கொண்டிருக்கிற பாறையடியில. நேற்றுக் காலமை.”

“ஒதுங்கிக் கிடந்திச்சா?”

பாக்கியரத்தினம் ஓம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். ஏன் ஆட்டினார் என்று அவருக்கே தெரியாது. ஆதம்பாவா தொப்பியைச் சரி செய்துகொண்டு, “இன்னா லில்லாஹி…” என்று இறந்தவருக்குச் சொல்வதை முணுமுணுத்தார். ஸெய்னுதீன் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான்.

“மரம் தனிய ஒதுங்கினா ஆள் இல்ல, காக்கா. ராத்தாக்கிட்ட நான் எப்பிடிப் போய்ச் சொல்லுற?”

அந்த ஒரு தலையாட்டலில் ஒருவனைப் பாக்கியரத்தினம் சாகடித்துவிட்டார். இப்படியே விட்டால் இவர்கள் அழுவார்கள், வடக்கே போன வள்ளங்களைத் திருப்பிக் கூப்பிடுவார்கள், யாரும் இவரைக் குற்றம் சொல்லமாட்டார்கள்.

“கிடக்கேல்லை, தம்பி,” என்றார். “நிண்டது.”

“என்ன?”

“மரம் நிண்டது. கல்லிடுக்குக்குள்ள நேரா நட்டு நிண்டது. அடியில கல்லு அடைஞ்சு இறுக்கியிருந்தது. நுனியில…” அவர் தன் கையிலிருந்த துணியைப் பார்த்தார். நீலக் கட்டம் போட்ட சாறன். பாதியாகக் கிழிந்தது. “இது கட்டியிருந்தது.”

ஸெய்னுதீன் எழும்பிய வேகத்தில் கிளாஸ் உருண்டது. அவரது சேட்டுக் கொலரைக் கொத்தாகப் பிடித்தான்.

“துணி கட்டி நட்டு வெச்ச மரத்த ஆராவது புடுங்குவானா? ஆ? விறகு இல்லாமலா நீங்க செத்துப் போறீங்க?”

“போன பருவத்தில வலை காயப்போட்ட கம்பெண்டு நினைச்சன். ஆரும் இருக்கிறீங்களோ எண்டு கூப்பிட்டுப் பார்த்தனான். சத்தியமா கூப்பிட்டனான்.”

“விடுடா!” என்று ஆதம்பாவா இடையில் புகுந்தார். “நட்டு வெச்சவன் உசிரோட இருந்திருக்கான். அதப் பாரு. நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் வான் ஒண்டு புடிச்சு அனுப்புறன். போங்க!”

இரண்டு சைக்கிள்களும் வடக்கே பறந்தன. ஸெய்னுதீன் முன்னே போய்ப் போய்த் திரும்பிப் பார்த்தான். வழி தெரிந்தவர் பின்னால் வருகிறவர். பாக்கியரத்தினத்துக்கு மூச்சு வாங்கியது. மரத்தைப் பிடுங்கியபோது அது லேசில் வரவில்லை என்பது இப்போது ஞாபகம் வந்தது. அடியிலிருந்த கற்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது. சின்னக் கற்கள், இடைவெளி பார்த்துப் பார்த்து அடைந்தவை. ‘ஆரோ நல்லாத்தான் நட்டிருக்கிறான்’ என்று மெச்சிக்கொண்டே கழற்றினார். ஆளுயரத்துக்கு மேலிருந்த மரம் சைக்கிளுக்கு நீளமென்று அங்கேயே வைத்துத் துண்டு போட்டார். அவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றார்.

சைக்கிள்களை மணலில் போட்டுவிட்டுப் பாறைகளில் ஏறினார்கள். வெள்ளைச் சிராய்கள் நேற்று விழுந்த இடத்திலேயே கிடந்தன. பக்கத்தில் அவர் எறிந்த கற்கள். ஸெய்னுதீன் சிராய்களையும் பார்த்தான், அவரையும் பார்த்தான். திட்டியிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது.

“மச்சான்! மச்சான்!”

கடல் மட்டும் இரைந்தது. ஸெய்னுதீன் நீர்ப்பக்கமாக ஓடினான். பாக்கியரத்தினம் பாறையின் மறுபக்கத்துக்குத் தவழ்ந்து போனார். அந்தப் பக்கத்தில் மரமோ கட்டையோ எதுவுமில்லை. அதனால்தான் நேற்று அவர் அங்கே எட்டிப் பார்க்கவில்லை.

ஒன்றரை ஆள் ஆழத்தில் ஒரு வெடிப்பு. அடியில் மழைத்தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்தது. அதன் ஓரத்தில் வாயை வைத்தபடி ஒரு மனிதன் ஒருக்களித்துக் கிடந்தான். இடதுகால், கால் மடங்காத பக்கத்துக்கு மடங்கியிருந்தது. உடம்பில் மிச்சச் சாறன், அதே நீலக் கட்டம். கண் மூடியிருந்தது.

பாக்கியரத்தினம் இரு கையையும் தூக்கி ஆட்டினார். ஸெய்னுதீன் ஓடிவந்து எட்டிப் பார்த்தான், குதித்தான். தலையைத் தூக்கி மடியில் வைத்தான். கன்னத்தில் தட்டினான். மறுபடி தட்டினான். பிறகு வெடித்த உதடுகள் அசைந்தன.

“வந்திட்டீங்களா,” என்றான் அபூதாஹிர்.

ஸெய்னுதீன் வாய்விட்டு அழுதான். பாக்கியரத்தினம் சிராய்த்துக்கொண்டே கீழே இறங்கினார். காலில் கை பட்டபோது அபூதாஹிர் கத்தினான். கத்த உயிர் இருக்கிறதே என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தெப்பம் பாறையில் அடித்துச் சிதறியபோது கால் முறிந்ததாகவும், மிஞ்சிய மரத்தை நட்டுவிட்டுத் தண்ணீர் தேடி ஊர்ந்துவந்தபோது இந்த வெடிப்புக்குள் விழுந்துவிட்டதாகவும், திரும்ப ஏற முடியவில்லை என்றும் விட்டுவிட்டுச் சொன்னான்.

“ஏன்டா இவ்வளவு நேரம்?” என்று மச்சானிடம் கேட்டான். கோபமில்லை, உண்மையில் அறிய விரும்பிக் கேட்டான். “நேத்து ஆக்கள் வந்தாங்களே. கூப்பிட்டாங்க. சத்தம் போட்டன், இரைச்சல்ல கேட்டிருக்காது. பொறகு கோடாலிச் சத்தம் கேட்டிச்சு. என்னத் தூக்கக் கம்பு வெட்டுறாங்க எண்டு விளங்கிட்டு. இனிக் கத்தத் தேவையில்ல, இருக்கிற மூச்ச வெச்சிருப்பம் எண்டு பேசாமக் கிடந்தன். வெட்டி முடிஞ்சிட்டு. வருவாங்க, வருவாங்க எண்டு பார்த்தா… ஆருமே வரல்லடா.”

ஸெய்னுதீன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

“தம்பி,” என்றார் பாக்கியரத்தினம். “அது நான்தான். அந்த மரத்தைத்தான் வெட்டினனான். விறகுக்கு.”

அபூதாஹிர் அவரைப் பார்த்தான். முகம் மாறவில்லை. கேள்விப்படாத பாஷையில் யாரோ பேசியதுபோல, “விறகுக்கா?” என்றான்.

பாக்கியரத்தினம் ஓம் என்று தலையை ஆட்டினார்.

“இப்பிடியே தூக்க ஏலாது, கால் போயிரும்,” என்றான் ஸெய்னுதீன். சாறனைக் கழற்றத் தொடங்கினான், உள்ளே காற்சட்டை இருந்தது. “ரெண்டு கம்பு வேணும் ஐயா, இதுக்குள்ள கோத்துத் தூக்க. கோடாலி இருக்கா?”

“நேற்றுக் கட்டினது, சைக்கிளிலயே கிடக்கு.”

“அப்ப நிக்காம போங்க.”

கோடாலியை எடுத்துக்கொண்டு பாறைக்கு மேலே, பூவரசுகள் நிற்கிற இடத்துக்கு ஓடினார். முதல் வெட்டு சறுக்கிப் போனது. இரண்டாவது இறங்கியது. மூன்றாவது. இறுகிய கோடாலியை ஆட்டிக் கழற்றுவதற்காக ஒரு கணம் நிறுத்தினார்.

“ஐயா?” கீழேயிருந்து காய்ந்த குரல். அபூதாஹிருடையது.

“நிக்கிறன் தம்பி!”

மறுபடி வெட்டினார். வியர்வை துடைக்க நிறுத்தினார்.

“ஐயா, போயிட்டீங்களா?”

“இல்லை! இஞ்சதான் நிக்கிறன்!”

பிறகு அவர் வியர்வை துடைக்கவில்லை. வெட்டு விழ விழ, “நிக்கிறன், நிக்கிறன்” என்று கத்திக்கொண்டே வெட்டினார். முதல் கம்பு முறிந்து சரிந்தது. அதைக் குனிந்து எடுக்கும் நேரத்துக்குக்கூடச் சத்தம் நின்றுவிடக் கூடாதென்று, ஒரு கையால் கோடாலியின் பிடரியைப் பாறையில் தட்டிக்கொண்டே மற்றக் கையால் கம்பை இழுத்தார்.