மேல் கூடாரத்தில் யார் படுப்பது

பட்டறைக்காரர் ட்ரெய்லரின் பக்கக் கதவைத் திறந்து காட்டி முடிப்பதற்குள் அப்பா உள்ளே போய் மல்லாந்து படுத்துவிட்டார். அவருடைய செருப்பு மட்டும் வெளியே கிடந்தது.

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்னப் பெட்டிதான். உள்ளே இரண்டு பேர் படுக்க ஒரு மெத்தை. பின்பக்க மூடியைத் தூக்கினால் அடுப்பு. கூரைமேல் விரித்து வைத்த கூடாரம், அதற்கு ஓர் ஏணி. மேடு பள்ளத்தில் அடிவயிறு தட்டாமல் இருக்க உயரமான சக்கரங்கள். "ஆத்து மணல்லகூட இழுத்துட்டுப் போயிருக்கேன் சார். முனகக்கூட இல்ல" என்றார் பட்டறைக்காரர்.

அப்பாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. எதையும் ஆட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டார். ஆறு வாரமாக எடை என்ன, பிரேக் என்ன, தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பிரச்சினை அதிலெல்லாம் இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். இருப்பது நான்கு பேர். கீழே இரண்டு, மேலே இரண்டு. மேலே யார்?

பெரியவளுக்குப் பதின்மூன்று வயது. அவளுக்கு வலிப்பு உண்டு, தூக்கத்தில்தான் வரும். கடைசியாக வந்து பதினான்கு மாதம் ஆகிறது. காலையில் பல் துலக்கும்போது அம்மா அந்தக் கணக்கில் ஒரு நாளைக் கூட்டிக்கொள்வாள். வெளியே சொல்ல மாட்டாள். சொன்னால் கண் பட்டுவிடும் என்று நம்புகிற ஆள் இல்லை, இருந்தாலும் சொல்ல மாட்டாள்.

மேலேதான் படுப்பேன் என்று பெரியவள் ஒற்றைக் காலில் நின்றாள். "வீட்டுல என் ரூம் கதவையே கழட்டி வச்சிட்டீங்க. டூர் போற எடத்துலயும் உங்க பக்கத்துலதான் படுக்கணுமா?"

அப்பா உள்ளேயிருந்து தலையை நீட்டினார். "சரி, ஒண்ணு பண்ணுவோம். நீ மேல ஏறிப் படு. நான் கீழ படுத்திருக்கேன். நீ ஆடினா எனக்குத் தெரியுதான்னு பார்ப்போம். தெரிஞ்சா நீ மேல. தெரியலேன்னா கீழ. அதுக்கப்புறம் பேச்சு கிடையாது."

"எப்படி ஆடணும்?"

"அதான்... வரும்போது ஆடுவியே, அப்படி."

"எனக்கு எப்படிப்பா தெரியும்? நான் தூங்கிட்டுல்ல இருப்பேன்."

பட்டறைக்காரர் எதையோ எடுக்க வேண்டியவர் போலக் கொட்டகைக்குள் போய்விட்டார். டாக்டர் கேட்டாரென்று, வலிப்பு வந்தபோது அப்பா ஒருமுறை ஃபோனில் படம் பிடித்திருந்தார். காட்டிவிட்டு அங்கேயே அழித்தும் விட்டார். அந்தப் படத்தில் இருந்தவளுக்குக் காட்ட வேண்டும் என்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தோன்றியதேயில்லை.

"எனக்குத் தெரியும். நான் ஆடிக் காட்டறேன்" என்றான் சின்னவன். எட்டு வயது.

"நீ வாயை மூடிட்டு இருடா" என்றார் அப்பா.

"அவனே ஆடட்டும்ப்பா" என்றாள் பெரியவள். "என் கட்டிலுக்குப் பக்கத்துலதானே படுக்கறான். தண்டத்துக்கா படுக்கறான்?"

சின்னவன் குரங்குக் குட்டிபோல ஏணியில் ஏறினான். விழுந்து தொலைக்கப் போகிறானென்று அம்மாவும் பின்னாலேயே ஏறி, கூடார வாசலுக்குள் தலையை விட்டாள். பெரியவள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் ஒருக்களித்துப் படுத்தான். முதலில் விறைத்தான். மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கியது. பிறகு ஆட ஆரம்பித்தான். விளையாட்டு போல இல்லை.

"ஒண்ணும் தெரியல" என்று கீழேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "இன்னும் வேகமா ஆடச் சொல்லு."

"அவ இவ்வளவுதான் ஆடுவா" என்றான் சின்னவன், ஆட்டத்தை நிறுத்தாமலே.

கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினான். அரைக்கண்ணைத் திறந்து, எதையோ ருசி பார்ப்பவன்போல உதட்டைச் சப்புக்கொட்டினான். வலது கை மெத்தை விரிப்பின் ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி இழுத்தது, சட்டைப் பித்தானைத் தேடுவதுபோல.

அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். வில்லையில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். இதுவரை ஏழு முறை பெரியவளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறாள். வலிப்பு முடிந்ததும் பெரியவள் அடித்துப் போட்டதுபோலத் தூங்கிவிடுவாள். உதட்டைச் சப்பியதில்லை. கை இப்படிப் போனதில்லை.

"இது என்னடா, கையை இப்படிப் பண்றே?"

"முடிஞ்சதும் இப்படித்தான் பண்ணுவா. கொஞ்ச நேரம்."

"எப்பப் பார்த்தே?"

சின்னவனின் கண் அம்மாவின் தோளைத் தாண்டிக் கீழே போனது. "மறந்து போச்சு."

"எப்படா?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

காலடியில் ஏணி லேசாக அசைந்தது. பெரியவள் கையை எடுத்துவிட்டிருந்தாள்.

அம்மா இறங்குவதற்கும் அப்பா பெட்டிக்குள்ளிருந்து ஊர்ந்து வருவதற்கும் சரியாக இருந்தது. "நாலு மூலையிலும் முட்டுக்கால் இறக்கி வச்சிருக்கான்ல, அதான் ஆட்டமே இல்ல. நல்ல வேலைக்காரன்" என்றார், முட்டியைத் தட்டிக்கொண்டே. "அப்போ நீ கீழதான்."

அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. "எத்தனை தடவை?" என்று பெரியவளைக் கேட்டாள்.

"ரெண்டு."

மேலே கூடாரத்திலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீண்டு மூன்று விரலைக் காட்டியது.

பெரியவள் அண்ணாந்து பார்த்தாள். "மூணா? மூணாவது எனக்கே தெரியாதே. ஏன்டா எங்கிட்டகூட சொல்லல?"

"சொன்னா அழுவே."

"என்ன மூணு?" என்றார் அப்பா. அவருக்கே புரிந்தபோது, காரில் மாட்டும் இழுவைக் கம்பியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"மாத்திரை போடறியா இல்லியா?"

"போடறேன்ப்பா. ஒரு நாள்கூட விடல."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இங்க வந்திருப்போமா?"

வந்திருக்க மாட்டார்கள். அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். பதினான்கு மாதத்தில் எந்த நாளிலிருந்து திரும்ப எண்ணுவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு காலையும் ஒரு பொய்யைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்ன சார், மேல் கூடாரத்தோடயே பில் போட்டுடலாமா?"

"கொஞ்சம் பொறுங்க" என்று அப்பா எழுந்து, ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு வேலியோரம் போனார். டாக்டர் வீட்டு ஆள் யாரோ எடுத்திருக்க வேண்டும், மகளின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்போ போறோமா, இல்லியா?" என்றாள் பெரியவள்.

"தெரியல" என்றாள் அம்மா. "டாக்டர் என்ன சொல்றாரோ. போனா நீ கீழ, என் பக்கத்துல."

பெரியவள் சண்டை போடுவாள் என்று அம்மா காத்திருந்தாள். அவள் போடவில்லை. கூடாரத்தைப் பார்த்து, "டேய், இறங்கி வா" என்றாள். "இந்தக் கீழ் மெத்தையில படு. மேல நீ பண்ணினது கீழேருந்து எனக்கு ஒண்ணும் தெரியல."

சின்னவன் இறங்கி வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தான். கதவை மறைத்து நின்ற அம்மா ஒதுங்கி வழிவிட்டாள். அவன் ஏறி ஒருக்களித்துப் படுத்தான். பெரியவள் வாசலில் குந்தி, முகத்தை அவன் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனாள்.

"முதல்லேருந்து காட்டு" என்றாள்.