நானூறு எம்.எம்.

"கார்டு இல்லாம அடக்கத்துக்கு அனுமதிச் சீட்டு தரமாட்டேங்கறான்" என்று வாசலில் நின்றபடி அவள் கணவன் ஹாஸிம் சொன்னபோது, ரபாப் அப்பாவின் மூன்றாவது சட்டைப் பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பட்டன் ஒன்று விழுந்தது, இருமல் மிட்டாய் ஒன்று விழுந்தது. அடையாள அட்டை மட்டும் இல்லை.

"சட்டையில ஏண்டி தேடறே? அவன் உசிரே கேமரா பையிலதான் இருந்துச்சு. அதுல பாரு" என்றாள் இன்ஷிராஹ் அத்தை. அக்காவும் தம்பியுமாக ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே முப்பது வருஷம் குடித்தனம் செய்தவர்கள். நேற்று மாலையிலிருந்து திட்ட ஆளில்லாமல் அத்தையின் குரலே பாதியாகிவிட்டது.

உள்ளறையில் அப்பாவின் மய்யித்தைக் குளிப்பாட்டும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கூடத்து மேஜையில் ஒரு தட்டில் மூன்று பேரீச்சம்பழமும், சாஸர் மூடிய ஒரு டம்ளர் தண்ணீரும் இருந்தன. துக்கத்துக்கு வந்த பெண்கள் தங்கள் காப்பிக் கோப்பைகளை அந்தத் தட்டுக்கு இரண்டு பக்கமும் வைத்தார்கள். தட்டை யாரும் நகர்த்தவில்லை.

கார்டு பையின் பக்க அறையில் கிடைத்தது. ஹாஸிம் வாங்கிக்கொண்டு படிகளில் ஓடினான். எந்த மனிதரின் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று இருந்தானோ, அவருக்காகத்தான் காலையிலிருந்து அலுவலகம் அலுவலகமாக அலைகிறான். அவளுக்கு அப்பாவின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பாவி மனுஷா, ஒரே ஒரு தடவை வந்திருக்கக் கூடாதா?

அப்பா வக்தியைப் போன்ற வீம்புக்காரரை போர்ட் சயீத் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. ஹாஸிம் முதல் மனைவியை விவாகரத்துச் செய்தவன் என்று தெரிந்ததும் கத்தினார். மகள் பிடிவாதமாக நின்றதும், "அல்லா மேல சத்தியமா சொல்றேன், கால்வாய்க்கு அந்தப் பக்கம் அவன் இருக்கற போர்ட் ஃபுவாத் கரையில நான் கால் வெக்க மாட்டேன்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். நிக்காஹ்வில் அவர் இடத்தில் சித்தப்பா உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் கல்யாண உடையோடு போர்ட் ஃபுவாத் படகுத் துறையில் நின்று, கால்வாயைக் கடந்து வந்த ஒவ்வொரு படகிலிருந்தும் இறங்குகிறவர்களை ரபாப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று படகுகள் வந்து போயின. "வா, எல்லாரும் காத்திருக்காங்க" என்று ஹாஸிம் கையைப் பிடித்தான். அது நடந்து பதினோரு நாள்தான் ஆகிறது.

பையை மூடப்போனவள் கேமராவை வெளியே எடுத்தாள். அதில் மாட்டியிருந்தது கப்பலைப் படமெடுக்கிற லென்ஸ். நூறு எம்.எம்.மிலிருந்து நானூறு வரை நீளும் பெரிய ஜூம்; எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்டத் தெரியும். ஆளை எடுக்க அப்பா அதைத் தொடவே மாட்டார். "முகத்த எடுக்கணும்னா கிட்டப் போகணும். வளையத்தத் திருகிட்டு தூரத்துல நிக்கறவன் திருடன்" என்பார்.

அந்தக் கேமரா வாங்கிய புதிதில் நடந்த கூத்து அவளுக்கு நினைவுக்கு வந்தது. லென்ஸின் மேல் அச்சிட்ட எண்கள் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணாடி போடவும் மாட்டார். அவள்தான் மெனுவுக்குள் நுழைந்து ஓர் அமைப்பை மாற்றிக்கொடுத்தாள். "இனிமே வளையத்தத் திருப்பினா எத்தனை எம்.எம்.னு உள்ளேயே தெரியும் பாபா."

"எனக்கு எதுக்குடி நம்பர்? என் கை சொல்லும்."

மறுநாளே, "ரபாப், நூத்தி முப்பத்தஞ்சு!" என்று மொட்டைமாடியிலிருந்து குழந்தை மாதிரிக் கத்தினார்.

கேமராவை உயிர்ப்பித்துக் கடைசிப் படங்களைத் திறந்தாள். திரையில் வெள்ளை உடையில் அவளே நின்றாள்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. அடுத்ததும் அவள்தான், அதற்கடுத்ததும் அவள்தான். துறையில், கம்பிப் படலருகே, கழுத்தை நீட்டி எதையோ பார்த்தபடி. ஒரே இடத்தில் நின்று வரிசையாக எடுத்ததுபோல எல்லாப் படத்திலும் அவள் ஒரே அளவில் இருந்தாள். அக்கரையில் யாராவது மறைந்து நின்று எடுத்தார்களா? விவரம் காட்டும் பொத்தானை அழுத்தினாள்.

400. அடுத்ததில் 310. பிறகு 220. பிறகு 135.

எண் குறைந்துகொண்டே வந்தது. எடுத்தவர் நெருங்கி வந்துகொண்டே இருந்திருக்கிறார். அவளை அதே அளவில் வைத்துக்கொள்ள வளையத்தைத் திருப்பிக்கொண்டே வந்திருக்கிறார். படத்தின் ஓரத்தில் படகின் பச்சைக் கைப்பிடி தெரிந்தது. மேல் தளம்!

100. துறைக்கே வந்துவிட்ட படம். அவள் முகத்தின் வியர்வைகூடத் தெரிந்தது. அவள் கண்கள் கீழே, இறங்குகிறவர்களின் மேல் இருந்தன. ஒரு தரம் தலையை நிமிர்த்தியிருந்தால் போதும்.

அடுத்த படம் 160. பிறகு 250. பிறகு 400.

அதற்குமேல் லென்ஸில் இடமில்லை. இன்னும் மூன்று படங்கள், மூன்றும் நானூறுதான். அவற்றில் அவள் சிறுத்துச் சிறுத்துப் போய்க் கடைசியில் ஒரு வெள்ளைப் பொட்டாக இருந்தாள்.

"கரையில கால் வெக்கல" என்றாள் ரபாப். உதடு கோணிக்கொண்டு வந்தது. "அத்தை, வந்துட்டு இறங்காமப் போயிருக்காரு. சத்தியம்தான் பெரிசாப் போச்சு, நான் பெரிசில்ல."

அத்தை திரையை எட்டிப் பார்த்தாள். பிறகு மேஜையில் இருந்த தட்டைக் கைகாட்டினாள்.

"அது என்னன்னு நீ கேக்கவே இல்லையே."

"பேரீச்சம்பழம்."

"உங்கப்பன் நோன்பு திறக்க எடுத்து வெச்சேன். திங்கக்கிழமையிலேருந்து மூணு நாள் நோன்பு. சத்தியத்த முறிக்கிறதுக்குப் பரிகாரம். பத்து ஏழைக்குச் சோறு போட்டாலும் தீரும்டான்னேன். 'நானே ஏழை, யாருக்குப் போடறது? வாய் செஞ்ச தப்புக்கு வாயத்தான் கட்டணும்'னான். பகல்ல போடற மாத்திரைய ராத்திரி போட்டுக்கறேன்னான் மகாராசன். நான் விட்டேனே, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்." அவள் முக்காட்டால் வாயை ஒரு தரம் பொத்தி எடுத்தாள். "நேத்து மூணாவது நாள். நோன்பு திறக்கற மஃரிபுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்துச்சு. இன்னிக்கு உன் வீட்டுக்கு வரதுக்கு அந்த நீலச் சட்டையத் தேய்ச்சு வெக்கச் சொல்லியிருந்தான்."

ரபாப் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள். பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. ஹாஸிம் சீட்டோடு திரும்பி வந்தான், உள்ளே போனான், கலிமாச் சத்தம் எழுந்தது, அப்பாவைச் சுமந்த சந்தாக்கு அவளைத் தாண்டி வாசலுக்குப் போனது.

"பால்கனிக்கு வாடி கண்ணு. அங்கேருந்து பாத்துக்கலாம்" என்று அத்தை தூக்கி நிறுத்தினாள்.

மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு முடிந்திருந்தது. மூன்று மாடிக்குக் கீழே தெரு வெயிலில் கிடந்தது. பள்ளிவாசல் தெருக்கோடியில். சந்தாக்கின் முன்பக்கம் இடது தோள் ஹாஸிமுடையது.

கேமரா அவள் கையிலேயே இருந்தது. அதைக் கண்ணில் வைத்தாள். பச்சைத் துணி போர்த்திய சந்தாக்கு கட்டத்துக்குள் நிறைந்து நின்றது. அது நகர ஆரம்பித்ததும் இடது கை தானாக வளையத்தைத் திருப்பியது. உள்ளே எண் எரிந்தது. நூற்றிருபது. நூற்றெண்பது. ரொட்டிக் கடை தாண்டும்போது இருநூற்றைம்பது. அவள் படமெடுக்கவில்லை; திருப்பிக்கொண்டே மட்டும் இருந்தாள். சந்தாக்கு சிறுக்கவே இல்லை, அதே இடத்தில் அப்படியே இருந்தது.

மருந்துக் கடைக்கு அப்பால் வளையம் நின்றுவிட்டது. இன்னும் ஒருமுறை அழுத்தித் திருப்பிப் பார்த்தாள். எண் நானூறிலேயே இருந்தது.