இரண்டாவது கேமரா

மேடையில் மணமக்களோடு படம் எடுத்துக்கொள்ள வந்தவர்களின் வரிசை மண்டபத்தின் வாசல்வரை நீண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க. பெரியப்பா, உங்க தோள் வெளியே போகுது. சிரிங்க."

காலையிலிருந்து அவன் இதையே சொல்லிக்கொண்டிருந்தான். ஸ்டுடியோவில் அவனுக்குப் பெயரே 'சிரிங்க' என்று நிலைத்துவிட்டது. அவன் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

கையிலிருந்தது முதலாளியின் ஃபுல் ஃப்ரேம் கேமரா. வெளிச்சம் குறைந்த மண்டபத்திலும் அதில் முகங்கள் பளிச்சென்று விழும். பல வருடங்களாக அவன் மட்டுமே பிடித்ததால் பிடியின் ரப்பர் அவன் விரல்கள் படியும் இடங்களில் வழவழப்பாகியிருந்தது. வேலை முடிந்ததும் அதை ஸ்டுடியோ அலமாரியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். வீட்டில் இருந்த அவனுடைய சின்னக் கேமராவில் எடுத்தால் முகத்தில் மணலைத் தூவினதுபோல் படம் புள்ளிபுள்ளியாக வரும்.

அன்று மாலை அவன் படுத்துக்கொண்டு ஃபோனில் பழைய கேமராக்களின் விலையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"தினமும் பார்த்தா விலை இறங்கிடுமா?" என்றாள் மனைவி. தையல் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. "எங்க சூப்பர்வைசரம்மா மகளுக்குக் கல்யாணம். நீங்கதான் எடுப்பீங்கன்னு சொல்லிட்டேன். ஃபுல் ஃப்ரேமான்னுதான் முதல்ல கேட்டாங்க. ஆமான்னேன்."

"அது முதலாளியோடதுடி."

"யாரோடதுன்னு அவங்க கேக்கலையே."

அவன் எழுந்து உட்கார்ந்தான். சொந்தமாக ஓர் ஆர்டர். அது நல்லபடியாக முடிந்தால் கம்பெனியில் வேலை செய்யும் மற்றவர்களும் அவனைக் கூப்பிடுவார்கள். பேசி வாங்கும் கூலியும் அவன் கைக்கே வரும்.

அந்த வாரமே முதலாளி புதுக் கேமரா வாங்கினார். பழையதை மேசைமேல் அவன் பக்கமாகத் தள்ளினார்.

"நீயே எடுத்துக்க. தெரியாதவன்கிட்ட வாங்கி ஏமாறாதே. இது நீ வளர்த்த பிள்ளை."

அவர் சொன்ன விலை ஃபோனில் பார்த்த விலைதான். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார்.

"ஷட்டர் ரொம்ப ஓடித் தேஞ்சிருக்குங்க. கொஞ்சம் குறைச்சு..."

"ஓட்டினது யாரு? நானா?"

பக்கத்தில் புதுக் கேமராவின் உறையைப் பிரித்துக்கொண்டிருந்த முதலாளியின் மச்சான் சிரித்தான். "ஓட்டின கைக்கே வந்து சேருது. கொடுத்து வெச்சவர்ண்ணே நீங்க."

அவன் தலையாட்டினான். புதுக் கேமரா மச்சானின் கைக்குப் போனது. ஸ்டுடியோ வேலைகளில் மச்சான் படமெடுக்க, லைட் பிடிப்பது அவன் பொறுப்பானது.

சூப்பர்வைசரம்மாவின் வீட்டுக் கல்யாணத்தன்று கேமரா அவன் சொன்னபடி கேட்டது. மணப்பெண்ணைத் தயார் செய்வதை, வாசலில் விருந்தினரை வரவேற்பதை, ஒன்று விடாமல் எடுத்தான். இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்த மனைவி, வந்தவர்களிடமெல்லாம் மேடைப் பக்கம் கைகாட்டி, "எங்க வீட்டுக்காரர்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மோதிரம் மாற்றுவதற்குச் சற்று முன் உள்ளே ஏதோ ஒடிந்ததுபோல் 'டக்'கென்றது. திரையைப் பார்த்தான். படத்தின் மேல்பாதி முழுக்கக் கறுப்பு. கீழே புடவையும் கோட்டும் தெளிவாக இருந்தன. தலைகள் இல்லை. மறுபடி அழுத்தினான். பொத்தான் உள்ளே போனது, அவ்வளவுதான்.

"என்ன தம்பி, மாத்தலாமா?" என்று கையில் மோதிரத்தோடு மாப்பிள்ளை கேட்டார்.

"ஒரு நிமிஷம் இருங்க."

அவன் மேடையின் பின்னால் போய் முதலாளிக்கு ஃபோன் செய்தான். மச்சான் புதுக் கேமராவோடு பைக்கில் வந்து சேரும்வரை மண்டபமே அவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இனிமே நம்ம ஸ்டுடியோ பாத்துக்கும்மா. ஆல்பமும் நாங்களே போட்டுத் தந்துடுறோம்" என்றான் மச்சான். சூப்பர்வைசரம்மா அவன் மனைவியைப் பார்த்தாள். "ஃபுல் ஃப்ரேமான்னு கேட்டதுக்கு என்னமோ ஆமான்னு சொன்னியே?" மனைவி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

கேமரா பழுது பார்ப்பவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தார். "ஷட்டர் மாத்துற காசுக்கு இன்னொரு பழசே வாங்கிடலாம்."

சம்பளத்தில் பிடிப்பது நிற்கவில்லை. அவன் கேட்கவுமில்லை. வீட்டில் ஃபோனில் விலை பார்ப்பதை மட்டும் விட்டிருந்தான். மனைவி ஒருநாள், "கம்பெனியில என்னை வேற பிரிவுக்கு மாத்திட்டாங்க" என்றாள். "சரி" என்றான்.

அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பும்போது முதலாளி அவன் வெறும் கழுத்தைப் பார்த்தார்.

"அதை எங்க? எடுத்து மாட்டிக்க. ரெண்டு கேமரான்னு பேசிக் காசு வாங்கியிருக்கோம்."

"அது ஓடாதுங்க."

"ஓடாதுன்னு வர்றவங்களுக்குத் தெரியவா போகுது?"

மாட்டிக்கொண்டான். மண்டபத்தில் வலது கையில் லைட்டைத் தூக்கிப் பிடித்தபடி மச்சானின் பக்கத்தில் நின்றான். கேமரா மார்பில் இடித்துக்கொண்டிருந்தது. பிற்பகலில் மச்சான் சாப்பிடப் போனான். அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் மேடை ஏறிவிட்டது. கைக்குழந்தையை வைத்திருந்த பெண் மணமக்களின் பக்கத்தில் நின்றுகொண்டு அவனைப் பார்த்தாள்.

"அண்ணே, எங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. உங்க கேமராவுல ஒண்ணு எடுத்துடுங்க."

முதலாளி கீழே முன்வரிசையிலிருந்து கையை அசைத்தார், எடு என்று.

அவன் லைட்டைக் கீழே வைத்தான். கேமராவைத் தூக்கிக் கண்ணில் பொருத்தினான். விரல்கள் வழவழப்பான இடங்களில் தாமாகப் போய் உட்கார்ந்தன.

"இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றான். "குழந்தை முகத்தை இந்தப் பக்கம் திருப்புங்க. சிரிங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் அழுத்தினான்.