எந்தத் தம்பிக்குப் பென்சில்?

தேர்வுக்கு இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தேரடி வீதியில் வேடியப்பன் அண்ணன் கடை முன் நின்றேன். நாங்கள் சமணர்கள்; பொழுது சாய்வதற்குள் வீட்டில் சாப்பிட உட்கார வேண்டும்.

வேங்கிக்காலில் புதிதாக வரும் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் ஒரே ஒரு வேலை, அதற்குத்தான் தேர்வு. நூறு கேள்விகள். விடைக்குரிய வட்டத்தைப் பென்சிலால் நிரப்ப வேண்டும். வெளிறினால் இயந்திரம் படிக்காது. பக்கத்து வட்டத்தில் பரவினால் தப்பாகப் படிக்கும். போன வருடம் வேறொரு தேர்வில் என் தாள் அப்படித்தான் பாழானது. அதன் பிறகு நான்கு மாதம், தெருவே ரிசல்ட் கேட்டது. இந்த முறை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

"பென்சில் வேணும்ணே. வட்டம் நிரப்புற பரீட்சைக்கு."

"யாருக்கும்மா?"

"தம்பிக்கு."

"எச்.பி. கருப்பு கம்மி. டூ.பி. நல்ல கருப்பு, ஆனா கையில ஒட்டும். தம்பிக்குக் கை வேர்க்குமா?"

"ஜாஸ்தி வேர்க்கும்."

"உனக்கு ஏதுடி தம்பி, ஜினமதி?"

பின்னால் எங்கள் தெரு ராஜம்மாள் அக்கா, கொத்தமல்லிக் கட்டுடன்.

"பெரியம்மா பையன்க்கா."

"கீழ்பென்னாத்தூர் பெரியம்மாவா? அவங்களுக்கு ரெண்டும் பொண்ணாச்சே! பையன் எப்ப பொறந்தான்?"

"பொறந்ததுமே பரீட்சை வெச்சுட்டாங்க போல" என்றார் அண்ணன். "போன் போடும்மா, அழுத்தி எழுதுவானான்னு நானே கேக்குறேன்."

"எடுக்க மாட்டான்ணே."

"அடிக்கவே இல்ல, அதுக்குள்ள எடுக்க மாட்டானா?" என்றார் அக்கா.

அண்ணன் ஒரு துண்டுத்தாளில் வரிசையாக வட்டங்கள் போட்டுத் தந்தார். "சரி, நீயே நிரப்பிப் பாரு."

நான் இடது கைக்காரி. நிரப்பியதன் மேலேயே என் உள்ளங்கை நகரும். எச்.பி. பரவவில்லை, சாம்பலாகத்தான் விழுந்தது. டூ.பி. மூன்றாவது வட்டத்திலேயே கன்னங்கரேலென்று வால் விட்டது. அண்ணன் தலையைச் சொறிந்துவிட்டு, அடித்தட்டிலிருந்து ஒரு பென்சிலைத் தேடி எடுத்தார்.

"இது பி. ரெண்டுக்கும் நடுவுல. யாரும் கேக்கறதில்ல, இது ஒண்ணுதான் இருக்கு."

பத்து வட்டம் நிரப்பினேன். கருப்பு. வேர்த்த கையால் வேண்டுமென்றே தேய்த்தேன். அசையவில்லை. இன்னொரு முறை தேய்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஆனா இது உன் கைக்குத்தான் சரி" என்று அண்ணன் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "ஆம்பளப் பையன் அழுத்துவான், முனை நொறுங்கிடும். அவனுக்கு எச்.பி.யே போதும். இது இங்கயே இருக்கட்டும்."

பென்சில் அடித்தட்டை நோக்கிப் போனது. ராஜம்மாள் அக்கா கொத்தமல்லியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். இன்றிரவே தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

"அண்ணே, அத வெக்காதீங்க. தம்பியும் இல்ல, ஒருத்தனும் இல்ல. ஞாயித்துக்கிழமை பரீட்சை எழுதப் போறது நான்தான்."