சனிக்கிழமைச் சாமத்தியவீடு

ஜதுர்ஷிகா பெரியபிள்ளையானதற்கான சாமத்தியவீட்டு அழைப்பிதழைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது. லண்டன் வெம்பிளியில் ஹோல், நானூறு பேர், பெண்பிள்ளை பல்லக்கில் வந்திறங்க ஐஸ் புகை. திகதி ஒக்டோபர் பதினொன்று, சனிக்கிழமை. அதே நாள்தான் ஜதுர்ஷிகாவுக்கும் விதுசனுக்கும் ஐஸ் நடனத் தகுதிச்சுற்று. மூன்று வருடமாக விடியற்காலை ஐந்தரைக்கு ஐஸ் சறுக்கும் றிங்கில் நின்று அவர்களைப் பழக்கியவள் நான். ஐஸ் நடனம் சோடியாக ஆடுவது. ஒருத்தி வராவிட்டால் மற்றவனும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இது எனக்குப் புதிதில்லை. பதின்மூன்று வயதில் என்னையும் இப்படித்தான் போட்டியன்று சாமத்தியச் சடங்குக்குச் சோடித்து மணவறையில் இருத்தினார்கள். என் சோடி றெஜினோல்ட் பூட்ஸ் கட்டிக்கொண்டு றிங்கில் காத்திருந்தான். அதற்குப் பிறகு அவன் என்னோடு கதைக்கவே இல்லை. வேறு சோடிகளோடு ஆடி, தேசியப் போட்டியில் நான்காம் இடம்வரை போனேன். மூன்றுக்குள் வரவே இல்லை. இருபத்தாறு வயதில் முழங்கால் போனது, பயிற்சியாளர் ஆனேன். அந்த ஒரு நாளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அன்று பின்னேரமே கிங்ஸ்பரிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். ஜதுர்ஷிகாவின் அம்மா கலாவதி திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கேத்திலைப் போட்டார்.

“உங்களுக்கு வேற நாளே கிடைக்கேல்லையோ, அக்கா?”

“ஹோல் அண்டைக்குத்தான் கிடைச்சது, தர்மிகா.”

“பிள்ளை பெரிசாகி எட்டு மாசம். எட்டு மாசம் பொறுத்த சடங்கு இன்னும் ஒரு கிழமை பொறுக்காதோ?”

“வீடியோக்காரரும்...”

“வீடியோக்காரன்! சனம் பாக்கப் பிள்ளையைச் சோடிச்சு இருத்தோணும், அதுதானே? அவளின்ர மூண்டு வருச உழைப்பு உங்களுக்குத் தூசு. வெக்கமில்லையோ உங்களுக்கு?”

அவர் கண் கலங்கியது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பேசினால்தானே நானும் திருப்பிப் பேசலாம்.

“அம்மாவை ஏசாதேங்கோ, அக்கா.” ஜதுர்ஷிகா மாடிப்படியில் நின்றாள். “அந்த நாளை நான்தான் கேட்டனான்.”

“என்ன விசர்க்கதை இது?”

“ஹோல்காரர் மூண்டு நாள் தந்தவை. இதைத்தான் எடுக்கோணும் எண்டு நான்தான் அழுதனான். எனக்கு ஏலாது அக்கா. விழுந்தால் எல்லாருக்கும் முன்னால கத்துறியள். விடிய அலாம் அடிச்சால் போர்வைக்குள்ள ஒளிக்கிறன். ஐஸ் நடனத்தை விடப்போறன் எண்டு உங்களிட்டச் சொல்லப் பயம். சடங்கு எண்டு சொன்னால் நீங்கள் தன்னைத்தான் ஏசுவியளாம், அந்த ஏச்சைத் தான் வாங்கிக்கொள்ளுறன் எண்டு அம்மா சொன்னவ.”

கலாவதி கோப்பையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

நான் விடவில்லை. “அப்ப விதுசன்? அவன் அண்டைக்கு உன்னைப் பாத்துக்கொண்டு றிங்கில நிக்கோணுமோ? அவனைப் பற்றி ஒருக்காலாவது யோசிச்சியோ?”

“அவனுக்கு எப்பவோ தெரியும், அக்கா.” அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “இதை விடுறதில அவனுக்கும் சந்தோசம். அவன் சடங்குக்கு வாறான்.”

கலாவதி தேத்தண்ணியை என் முன்னால் வைத்தார். எனக்குக் கோபம் இன்னும் இறங்கவில்லை. ஆனால் அதைக் கொட்டுவதற்கு அந்த வீட்டில் என்னைத் தவிர வேறு ஆள் இருக்கவில்லை.