மூடாத கடைக்கு இரங்கல்

குயின்ஸ்லாந்தின் போவன் கடற்கரையில் லெஃப்டெரிஸ் முப்பது வருடமாக மீன் பொரித்து விற்கிறார். இணையத்தில் தன் கடையைப் பற்றி ஒரு வரிகூடப் போட்டதில்லை. "என் மீனுக்கு எதுக்கு விளம்பரம்? வாசனையே போய் ஆளைக் கூட்டிட்டு வரும்" என்பார்.

போன குளிர்காலத்தில் முழங்கால் அறுவைக்காக ஆறு வாரம் கடையைப் பூட்டினார். திரும்பத் திறந்த பிறகு வாசனை வழக்கம்போல் தெருமுனை வரை போனது. தனியாகவே திரும்பி வந்தது. எதிரே பிரெட் என்பவனின் கடையில் உறைந்த மீன்தான். ஆனால் போனில் அதன் படம் அப்படிப் பளபளக்கும். கூட்டமெல்லாம் அங்கே.

ஒருநாள் மதியம் சுற்றுலா வந்த தம்பதி வாசலில் நின்று, போனைப் பார்த்து, திரும்பி நடந்தார்கள். லெஃப்டெரிஸ் இடுக்கியோடு ஓடினார்.

"எங்க போறீங்க? உள்ள வாங்க!"

"கடையை மூடிட்டாங்களே, சார்."

"யாரு மூடினா? எண்ணெய் கொதிக்குது, நான் குத்துக்கல்லாட்டம் முன்னாடி நிக்கிறேன்!"

அந்தப் பெண் பரிதாபமாகப் போனை நீட்டினாள். "நிரந்தரமா மூடப்பட்டதுன்னு போட்டிருக்கே." இருவரும் பிரெட் கடைக்குள் நுழைந்தார்கள்.

மனைவி வூலா தேடிப் பார்த்தாள். பூட்டிய கதவைக் கண்ட யாரோ அப்படிப் பதிந்திருந்தார்கள். கீழே ஊரே ஒப்பாரி வைத்திருந்தது. 'இப்படியொரு பாரமுண்டி மீன் இனி எங்கே கிடைக்கும்?' 'தங்கமான மனிதர், ஆன்மா சாந்தியடையட்டும்.' பிரெட்டும் எழுதியிருந்தான்: 'ஈடு செய்ய முடியாத இழப்பு. எதிரே எங்கள் கடை தினமும் உண்டு.'

லெஃப்டெரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூஞ்சிக்கு நேரா ஒருத்தன் சொன்னதில்லையே! இன்னொரு தடவை வாசி."

"திருத்திடவா?"

"ரெண்டு நாள் இருக்கட்டும், வூலா."

"இருக்கட்டும். அதுவரைக்கும் இந்தப் புகழையே பொரிச்சுத் தின்னு."

மூன்றாம் நாள் அவரைக் கேட்காமலே திருத்தினாள். திறக்கும் நேரம், விலை, அன்று வந்த மீனின் படம் எல்லாம் ஏற்றினாள். சனிக்கிழமை மேசைகள் நிரம்பின. இரங்கல் எழுதியவர்களும் கூச்சமே இல்லாமல் வந்து சாப்பிட்டார்கள். சாயங்காலமே ஒருவர் எழுதினார்: 'உப்பு கம்மி. முதலாளி கத்துகிறார். இரண்டு நட்சத்திரம்.'

லெஃப்டெரிஸ் போனைப் பிடுங்கி, ஒற்றை விரலால் அரைமணி நேரம் குத்திப் பதில் போட்டார்: 'உப்பு சரி. உன் நாக்குதான் செத்துப்போச்சு.'

அதைப் படித்துச் சிரித்தவர்கள் அடுத்த வாரம் இருநூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள டவுன்ஸ்வில்லிலிருந்தே காரில் வந்தார்கள். மீனும் வேண்டுமாம், இரண்டு திட்டும் வேண்டுமாம்.